விளிம்பில் எழுதிய பெயர்: பட்டாளத்து முன்னோரும் அவர்தம் பதக்கங்களும்

போரிற் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் செயலையும் பொறித்து வைப்பது தமிழரின் பழைய மரபு. தொல்காப்பியம் அதற்கு இலக்கணம் வகுத்தது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்கள், பல்லவர் காலத்தில் அம்மரபு எவ்வாறு வழங்கியது என்பதைக் காட்டுகின்றன. அரசனின் ஆட்சியாண்டு, ஊர், தலைவன் பெயர், வீரன் பெயர், அவன் உயிர்விட்ட காரணம் ஆகியவை அக்கற்களில் இடம்பெறுகின்றன. அரசர்க்கு மெய்க்கீர்த்தி எழுதிய நாட்டில், ஆநிரை மீட்கப் போய் மாண்ட எளிய சேவகனுக்கும் ஒரு கல்லும் ஒரு பெயரும் கிடைத்தன.

கிழக்கிந்தியக் கும்பினி சென்னையில் சிப்பாய்ப் படை திரட்டிய பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1947 வரை, தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் எண்ணற்றோர். பர்மாவிலும், சீனத்திலும், கிழக்காப்பிரிக்காவிலும், மெசபடோமியாவிலும், இத்தாலியிலும் அவர்கள் போரிட்டனர், பாலம் கட்டினர், பதுங்குகுழி வெட்டினர், சுமை சுமந்தனர். அவர்களுக்கு ஊரார் கல் நடவில்லை. அவர்களிற் பலருக்குக் கிடைத்தது வெள்ளி ரூபாயைவிடச் சற்றுப் பெரிய ஓர் உலோக வட்டம். அது துணியில் முடிந்து பெட்டியில் வைக்கப்பட்டது; சில வீடுகளில் பூசையறையிலும் இருந்தது. பெயரன்மார் அதன் முகத்தில் அரசனின் தலையைக் கண்டனர். பின்புறத்தில் குதிரை வீரனையோ சிறகுள்ள தேவதையையோ கண்டனர். அதன் விளிம்பைத் திருப்பிப் பார்த்தவர் சிலரே. ஆயினும் அவ்வீட்டுக்குரிய வரலாறு அவ்விளிம்பில்தான் எழுதப்பட்டுள்ளது.

உலோகத்தில் அமைந்த படிநிலை

பதக்கத்தின் விளிம்பில் பெயர் பொறிக்கும் வழக்கம் தொடக்கத்தில் இல்லை. உலோகமே அன்று ஒருவனின் நிலையைச் சொல்லிற்று. 1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தானை எதிர்த்துச் சென்ற படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் பெருந்தொகையினர். அவ்வெற்றிக்காக அடிக்கப்பட்ட பதக்கம் 1808-ஆம் ஆண்டில்தான் வழங்கப்பட்டது. வேலூரில் அதே சென்னைப் படையின் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. புலியைச் சிங்கம் அடக்குவதாக அமைந்த அப்பதக்கம் ஐந்து வகையாகச் செய்யப்பட்டது. தளபதிகளுக்குப் பொன், அடுத்த நிலை அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, அவர்க்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளுக்கு வெள்ளி, அதிகாரி நிலையை எட்டாத படைத்தலைவர்களுக்கு வெண்கலம், சிப்பாய்க்கு வெள்ளீயம். எவருடைய பெயரும் அதில் இல்லை. ஆகவே பழைய வெள்ளீயப் பதக்கமொன்று ஒரு குடும்பத்தில் இருப்பின், முன்னோர் ஒருவர் சாதாரணச் சிப்பாயாக அப்போரில் நின்றிருக்கலாம் என்ற அளவுக்கே அது சான்றாகும்.

1824 முதல் 1826 வரை நடந்த முதல் பர்மியப் போரிலும் சென்னைப் படை பெரும்பங்கு கொண்டது. அப்போரில் பங்குகொண்ட இந்தியப் படையினர்க்கெனக் கும்பினி தனியே ஒரு பதக்கம் அடித்தது. பிரிட்டிஷ் சிங்கத்தின் முன் பர்மாவின் வெள்ளை யானை மண்டியிடுவதாக அதன் முகப்பு அமைந்தது. எழுத்துகள் பாரசீகத்தில் இருந்தன. வடாற்காட்டிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ சென்ற சிப்பாய் ஒருவன், தனக்களிக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டே அறிந்திருப்பான். அதிலும் பெயர் இல்லை.

1803 முதல் 1826 வரை நடந்த போர்கள் பலவற்றுக்கும் சேர்த்து மற்றொரு பதக்கம் 1851-இல் அறிவிக்கப்பட்டது. அது அன்று உயிரோடிருந்தவர்க்கு மட்டுமே உரியது. அசாயிப் போர் 1803-இல் நடந்தது. அதில் இருபது வயதில் நின்றவனுக்கு 1851-இல் அறுபத்தெட்டு வயது. அவனது அணியில் நின்ற மற்றையோர் பெரும்பாலும் மண்ணாகியிருப்பர். ஆதலால் ஒரு பெயர் பதக்கப் பட்டியலில் இல்லை என்பது கொண்டு, அவர் போரில் இல்லை என முடிவு செய்தல் தவறாகும். தகுதி வேறு, தகுதிக்குரியதைப் பெறுதல் வேறு என்பதை ஆராய்வோர் முதலிலேயே மனத்தில் இருத்துதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் விளிம்பில் பெயர் பொறித்து வழங்கும் வழக்கம் வேரூன்றிற்று. அப்போதும் உலோக வேறுபாடு மறையவில்லை. 1885 முதல் 1887 வரை நடந்த மூன்றாம் பர்மியப் போருக்கான பதக்கம் படைவீரர்க்கு வெள்ளியிலும், படையைப் பின்தொடர்ந்த பணியாளர்க்கு வெண்கலத்திலும் அளிக்கப்பட்டது. 1900-இல் சீனத்துக்குச் சென்ற படைக்கும் அதுவே முறை. சமையற்காரர், குதிரைக்காரர், தண்ணீர் சுமப்பவர், டோலி தூக்குபவர், சுமைக்கூலி எனத் தொழிலின் பெயரே பதவியாக வெண்கல விளிம்பில் இடம்பெற்றது. முதல் உலகப்போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் ஏறத்தாழ 65 இலட்சம் பேருக்கு வெள்ளியில் வழங்கப்பட்டது. சீன, இந்திய, மால்டா நாட்டுத் தொழிற்படையினர் முதலியோர்க்கு ஏறத்தாழ ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் பதக்கங்கள் வெண்கலத்தில் தரப்பட்டன. ஒரே கடலைக் கடந்து, ஒரே நோய்க்கும் ஒரே குண்டுக்கும் ஆளானவர்களை உலோகம் பிரித்து வைத்தது.

இவ்வேறுபாடு தமிழ்நாட்டுக்கு மிகவும் பொருந்துவது. முதல் உலகப்போர்க் காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து படைவீரராகச் சேர்க்கப்பட்டோர் ஏறத்தாழ 51,000 பேர்; பணியாளராகவும் தொழிலாளராகவும் சேர்க்கப்பட்டோர் ஏறத்தாழ 41,000 பேர். தமிழரோடு தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் ஆகியோரும் இத்தொகையில் அடங்குவர். பத்தில் நான்கு பேருக்கு மேல் துப்பாக்கி ஏந்தாமலே போருக்குச் சென்றனர். எனவே வீட்டிலுள்ளது வெண்கலப் பதக்கமாயின் அதனை மட்டமானதென்று ஒதுக்கிவிடலாகாது. வெள்ளிப் பதக்கத்தைவிட அது அரியது. வேறெந்த ஏட்டிலும் இடம்பெறாத ஒரு கூலியாளின் பெயரை அது தாங்கியிருக்கக்கூடும்.

விளிம்பைப் படித்தல்

விளிம்பெழுத்து பொதுவாக நான்கு கூறுகளால் ஆனது: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்திலும் விக்டரி மெடலிலும் இவை விளிம்பைச் சுற்றி இருக்கும். 1914-15 நட்சத்திரத்திலோ பின்புறத்தின் வெற்றிடத்தில் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியும் பக்கவாட்டில் விழும் வெளிச்சமும் இருந்தால் தேய்ந்த எழுத்தையும் படித்துவிடலாம். புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குதல் கூடாது. அவ்வாறு தேய்ப்பதால் முதலில் அழிவது விளிம்பெழுத்தே.

எண்ணே நான்கனுள் தலையாயது. ஆயினும் அவ்வெண் அந்தந்த ரெஜிமெண்ட் தன் ஆட்களுக்கு இட்டதாகும். நாடு முழுமைக்கும் உரிய ஒரே வரிசை அன்று. ஒரே எண் வெவ்வேறு ரெஜிமெண்டுகளில் வெவ்வேறு ஆட்களைக் குறிக்கும். ஆதலின் படைப்பிரிவோடு சேர்த்தே எண்ணைக் கொள்ளல் வேண்டும். பதவியைப் பொறுத்தவரையில், விளிம்பில் உள்ளது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட காலத்துப் பதவியே. சிப்பாய் எனப் பொறிக்கப்பட்டவர் பின்னர் ஹவில்தாராகவோ ஜமேதாராகவோ ஓய்வு பெற்றிருக்கலாம். ஊரார் ‘சுபேதார் வீடு’ என்று வழங்கும் வீட்டில் சிப்பாய்ப் பதக்கம் கிடைப்பது முரணன்று.

பெயரில்தான் குழப்பம் மிகுதி. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதியவர் படை எழுத்தர். ழகரம் அவர் கையில் லகரமாகும். சில வேளை யகரமுமாகும். ஏழுமலையும் பழனியும் பல கோலம் கொள்வர். சாமி என்னும் ஈறு மூன்று நான்கு வகையாக எழுதப்பட்டது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லாமை மற்றோர் இடர். ஒரே ரெஜிமெண்டில் முனுசாமிகள் பலர் இருப்பர். அவர்களைப் பிரித்தறியத் தந்தை பெயர், ஊர், தாலுகா ஆகியவை தேவை. அவை விளிம்பில் இரா. படையில் சேரும்போது எழுதப்பட்ட பதிவிலும் விடுவிப்புச் சான்றிதழிலும் இருக்கும். பதக்கத்தையும் தாளையும் சேர்த்துப் படித்தாலன்றி ஆள் துலங்கான்.

படைப்பிரிவின் பெயர் காலந்தோறும் மாறி வந்தது. சென்னைப் படையின் காலாட்படைப் பிரிவுகள் பல, 1903-ஆம் ஆண்டில் கிச்சனர் செய்த சீரமைப்பின்போது, தம் பழைய எண்ணோடு அறுபதைக் கூட்டிப் புதிய எண் பெற்றன. மூன்றாம் படை 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை ஆயிற்று. இருபத்து மூன்றாம் படை 83-ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படை ஆயிற்று. எஞ்சிய கர்நாடகக் காலாட்படைகள் 1922-இல் மூன்றாம் மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாளங்களாக மாற்றப்பட்டு, 1928-க்குள் கலைக்கப்பட்டன. மதராஸ் பயனியர் படை 1933-இல் கலைக்கப்பட்டது. மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் திரட்டப்பட்டது 1941-இல்தான். இடையில் கலையாது நின்றது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர் படை. 1900-இல் சேர்ந்து 1923-இல் ஓய்வு பெற்ற ஒருவர், படை மாறாமலே மூன்று பெயருள்ள படையில் பணியாற்றியிருக்கக்கூடும். இதனை அறியாதார் ஒரே மனிதரை மூவராக எண்ணி மயங்குவர்.

இப்பெயர் மாற்றங்களுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போர்க்குணம் இழந்தவர் என்னும் கருத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். அதன்பின் வடமேற்கு மாநிலங்களிலிருந்து ஆள் சேர்ப்பதே கொள்கையாயிற்று. தென்னாட்டுப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. இதனால் பெரிதும் இழந்தோர் சென்னைப் படையில் நெடுங்காலம் பணியாற்றிவந்த ஆதிதிராவிடர் குடும்பத்தினர் முதலியோர். ஊரில் நிலப் பட்டா இல்லாத, கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இடம்பெறாத குடும்பங்கள் பலவற்றிற்குப் பட்டாளத்துப் பதிவே முதல் எழுத்துச் சான்று. அத்தகைய வீட்டில் ஒரு பதக்க விளிம்பு, பாட்டனின் பெயரைத் தாங்கிய முதற் கல்வெட்டு எனலாம்.

எப்பதக்கம் யார்க்கு உரியது

பதக்கத்துக்கு விதி உண்டு. விதியை அறிந்தால் தாளில்லாத இடத்திலும் பதக்கமே சில செய்திகளைச் சொல்லும்.

முதல் உலகப்போரில் 1914 நட்சத்திரம், 1914 ஆகஸ்டு 5 முதல் நவம்பர் 22 வரை பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பணியாற்றியவர்க்கே உரியது. பிற களங்களில் 1915 முடிவதற்குள் அடியெடுத்து வைத்தவர்க்கு 1914-15 நட்சத்திரம். இதற்குத் தக்க சான்று தாங்கா. இன்றைய தான்சானியாவிலுள்ள அத்துறைமுகத்தைத் தாக்க 1914 நவம்பரில் இறக்கப்பட்ட படையில் 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும், சென்னைப் படையைச் சேர்ந்த 61-ஆம் பயனியர் படையும் இருந்தன. அவர்கள் 1914-இலேயே போரிட்டவர்கள். ஆயினும் களம் ஆப்பிரிக்கா ஆதலின் அவர்க்குரியது 1914-15 நட்சத்திரமே. ‘தாத்தா 1914-இல் போருக்குப் போனார், ஆனால் பதக்கத்தில் 15 என்று இருக்கிறதே’ என ஐயுறுவோர்க்கு விடை இதுவே.

தாங்காவில் பாளையங்கோட்டைப் படை நிலைகுலைந்து பின்வாங்கிற்று. ஆங்கிலேய எழுத்தாளர் பலர் அதனைப் பழித்து எழுதினர். வாரக்கணக்கில் நெருக்கடியான கப்பல்களில் அடைத்து வைக்கப்பட்டு, முன்பின் அறியாத கரையில் இறக்கப்பட்டு, நிலத்தை அறிந்த லெட்டோ-வோர்பெக்கின் படை முன் நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். முன்னோரின் பணியைத் தேடிப் போகும் ஒருவர் இத்தகைய பக்கத்தையும் எதிர்கொள்ள நேரும். படையெடுப்புப் பதக்கம் வெற்றி தோல்வி பாராது. அவன் அங்கே இருந்தான் என்பதை மட்டும் சொல்லும்.

நட்சத்திரம் பெற்றவர் அனைவரும் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்துக்கும் விக்டரி மெடலுக்கும் உரியவர். மூன்றும் ஒருங்கே இருந்தால் அவர் 1915-க்குள் களம் கண்டவர். பின்னிரண்டு மட்டும் உரியனவாயின் 1916-லோ அதன் பின்னரோ களம் கண்டவர். விக்டரி மெடல் தனியே எவர்க்கும் வழங்கப்படவில்லை. அதைப் பெற்றவர் அனைவரும் போர்ப் பதக்கத்துக்கும் உரியவரே. ஆகவே ஒரு வீட்டுப் பெட்டியில் விக்டரி மெடல் மட்டும் இருக்குமானால், அதன் துணை எங்கோ போயிற்று என்பது உறுதி. போனது பெரும்பாலும் வெள்ளியாகவே இருக்கும். வறட்சியிலோ திருமணச் செலவிலோ தட்டான் கடைக்கு முதலிற் செல்வது அதுதான். 1979-80-இல் உலகச் சந்தையில் வெள்ளி விலை வானளாவ உயர்ந்தபோது, பிரிட்டனிலேயே எண்ணற்ற போர்ப் பதக்கங்கள் உலைக்குச் சென்றன. வெள்ளியோடு ஒவ்வொரு முறையும் ஒரு பெயரும் உருகிற்று.

குடும்பக் கதைகளில் மிகுதியாகக் காணப்படும் மயக்கம் ஒன்றையும் ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். விக்டரி மெடல் என்பதை விக்டோரியா கிராஸ் எனக் கொண்டு, பாட்டனார் பேரரசின் உயர்ந்த வீர விருதைப் பெற்றவர் எனப் பேரப்பிள்ளைகள் கூறுவதுண்டு. மதராஸ் சாப்பர் படை விக்டோரியா மகாராணியின் பெயரைத் தாங்கியதும் இம்மயக்கத்துக்குத் துணையாகிறது. விக்டோரியா கிராஸ் இந்தியப் படையினர்க்கும் உரியதென 1911-இல்தான் அறிவிக்கப்பட்டது. பெற்றவர் பெயர்கள் யாவும் அரசிதழில் வெளிவந்தவை. 1837-இல் கும்பினி நிறுவிய ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் வீர விருதும், 1907-இல் ஏற்பட்ட இந்திய சிறப்புப் பணிப் பதக்கமும் தனியானவை. இவையல்லாத பெரும்பான்மைப் பதக்கங்கள், களத்தில் இருந்தமைக்குரிய படையெடுப்புப் பதக்கங்களே. உண்மை தெரிந்தபின் வீட்டுப் பெருமை குறைந்ததாக எண்ண வேண்டுவதில்லை. வீரதீரச் செயல் செய்தார் என்னும் ஆதாரமற்ற கதையைவிட, இன்ன ஆண்டில் இன்ன களத்தில் இன்ன படையோடு இருந்தார் என்னும் மெய்ச்செய்தி உறுதியான செல்வம்.

இரண்டாம் உலகப்போரின் விதிகளும் இவ்வாறே களத்தைக் காட்டுவன. ஆப்பிரிக்கா நட்சத்திரத்துக்கு 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரையிலான காலத்தில் வடஆப்பிரிக்கக் களத்தில் ஒரு நாட்பணியே போதும். இத்தாலி நட்சத்திரம் 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை. பர்மா நட்சத்திரம் 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை. களத்துக்குச் செல்லாமல் உள்நாட்டிலேயே மூன்றாண்டு பணியாற்றிய இந்தியப் படையினர்க்கு இந்தியா சர்வீஸ் மெடல். இப்போரின் பதக்கங்கள் பிரிட்டிஷ் படையினர்க்குப் பெயரின்றியே அனுப்பப்பட்டன. இந்தியப் படையினர்க்கு வழங்கியவற்றுள் பெயர் பொறித்தவை பல உண்டு. ஆதலின் இவற்றையும் திருப்பிப் பார்த்தல் நன்று.

சான்றுகள் இருக்கும் இடங்கள்

தேடல் வீட்டிலிருந்து தொடங்குதல் முறை. விடுவிப்புச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், நிலம் ஒப்படைத்த உத்தரவு, மணியார்டர் கூப்பன், பட்டாளத்திலிருந்து வந்த அஞ்சலட்டை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் ரெஜிமெண்ட் எண் இருக்கும். முன்னாள் படைவீரர்க்கு அரசு ஒப்படைத்த நிலமாயின் தாலுகா அலுவலகப் பதிவுகள் உதவும்.

அடுத்தது ரெஜிமெண்ட். முதல் உலகப்போர் வீரர்களின் ஏடுகள் 1940-இல் இலண்டன் குண்டுவீச்சில் எரிந்தன எனக் கேள்வியுற்று முயற்சியைக் கைவிடுவோர் உளர். எரிந்தவை பிரிட்டிஷ் சிப்பாய்களின் ஏடுகள். இந்தியச் சிப்பாயின் பணிப் பதிவு அவனது ரெஜிமெண்டைச் சார்ந்தே இருந்தது. சாப்பர் படையினர்க்குப் பெங்களூரிலுள்ள மதராஸ் பொறியியல் படைமையமும், மதராஸ் ரெஜிமெண்டினர்க்கு நீலகிரி வெல்லிங்டனிலுள்ள ரெஜிமெண்ட் மையமும் நாடத்தக்க இடங்கள். எண்ணும் பெயரும் ஊரும் தெளிவாகக் குறித்து எழுதினாலன்றி அங்குப் பயன் விளையாது.

கும்பினிக் காலத்துக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் பெருங்கருவூலம். சென்னை அரசின் படைத்துறை ஆலோசனைப் பதிவுகள் 1752 முதல் அங்கு உள்ளன. சிப்பாய்களின் சம்பளம், ஓய்வூதியம், விதவையர் விண்ணப்பம் முதலியன பற்றிய செய்திகளை அவற்றில் தேடலாம். இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும், கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் பழைய படையெடுப்புகளின் பதக்கப் பட்டியல்கள் உள்ளன. கியூவிலுள்ள படைப்பிரிவு நாட்குறிப்புகள் முதல் உலகப்போரில் ஒவ்வொரு பிரிவும் அன்றாடம் எங்கிருந்தது என்பதைக் கூறும். தனி மனிதன் பெயர் அவற்றில் அரிதாகவே வரும். ஆயினும் அவன் நனைந்த மழையையும் கடந்த ஆற்றையும் அறிய வேறு வழி இல்லை.

பஞ்சாபில் ஊர்தோறும் தொகுக்கப்பட்ட முதல் உலகப்போர்ப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சத்து இருபதாயிரம் பேரைப் பற்றிய அப்பதிவுகள் 2021 முதல் கணிப்பொறி வழியே பொதுமக்கள் பார்வைக்கு வரத் தொடங்கின. உலகெங்கும் வாழும் பஞ்சாபியர் தம் கொள்ளுப்பாட்டனாரின் பெயரை அவற்றில் கண்டனர். ஊரை அடியாகக் கொண்டு தேடும் முறைக்கு அது நல்ல வழிகாட்டி.

எண்ணாகிப் போனவர்கள்

தமிழ்நாட்டு ஊர்கள் சிலவற்றில், சாவடியை ஒட்டியோ பழைய கட்டடச் சுவரிலோ ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கும். இவ்வூரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என ஆங்கிலத்தில் அக்கல் கூறும். எத்தனை பேர் என்பது உண்டு. யார் என்பது இல்லை. செங்கத்து நடுகல்லுக்கும் இக்கல்லுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஈராக்கில் பாஸ்ராவிலுள்ள நினைவுச் சின்னமும் இவ்வாறே அமைந்தது. மெசபடோமியாவில் மாண்டு, கல்லறை அறியப்படாத நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு எழுப்பப்பட்டது அது. பிரிட்டிஷ் படையினரும் இந்திய அதிகாரிகளும் பெயரோடு பொறிக்கப்பட்டனர். இந்தியச் சிப்பாய்களோ அந்தந்தப் படைப்பிரிவின் கீழ் எண்ணிக்கையாக மட்டும் குறிக்கப்பட்டனர். பிரான்சில் நவ்ஷாப்பேல் என்னுமிடத்திலுள்ள இந்திய நினைவுச் சின்னத்தில் ஏறத்தாழ 4,700 பேர் பெயரோடு நிற்பதை நோக்க, இவ்வேறுபாடு மேலும் உறுத்தும். இந்நினைவிடங்களைப் பேணும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப்போரில் மாண்டவருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமநிலையின்றி நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் இந்தியரும் இவர்களுள் அடங்குவர்.

உயர்ந்த விருது பெற்றவர்க்கு இக்குறை இல்லை. காஞ்சிபுரம் வட்டாரத்துக் கீழொட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் மதராஸ் சாப்பர் படையினர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ என்னுமிடத்தில், உடன் வந்தவரின் காலடியில் கண்ணிவெடி தூண்டப்பட்டபோது, வெடிக்குமுன் இருந்த சில நொடிகளில் அதன்மேல் பாய்ந்து தம் உடலால் மூடி மற்றவரைக் காத்தார். அவர்க்கு இறப்புக்குப்பின் ஜார்ஜ் கிராஸ் அளிக்கப்பட்டது. 1945-இல் தில்லியில் வைசிராய் வேவல் கையிலிருந்து அதனைப் பெற்றவர் அவர் மனைவி துர்க்கையம்மாள். ஊர், பெயர், செயல், நாள் ஆகிய அனைத்தும் பதிவாகிய நடுகல் போன்றது அவ்விருது. அன்று அவரால் உயிர் பிழைத்தோர்க்கும், அவரைப்போன்றே கண்ணி அகற்றிய ஏனைய சாப்பர்களுக்கும் எஞ்சியவை நட்சத்திரங்களே.

வீட்டார் செய்யத்தக்கது

பேரரசு தன் தேவைக்காகப் படை திரட்டிற்று. அந்தப் பதக்கங்களில் உள்ளது அதன் அரசர்களின் முகம். அதனால் விடுதலை பெற்ற நாட்டில் அவற்றைப் போற்றுவது தகுமா எனக் கேட்போர் உளர். முகத்தைப் போற்றுதல் வேறு. விளிம்பைக் காத்தல் வேறு. அங்குள்ளவன் பஞ்சத்தாலோ, சாதிக் கொடுமையாலோ, மாதச் சம்பளத்தின் உறுதியாலோ, இளமை வேகத்தாலோ ஊரைவிட்டுப் போன ஒரு தமிழன். பாஸ்ராவின் சுவரும் ஊர்ச் சாவடியின் கல்லும் அவனை எண்ணாக்கிவிட்டன. பெயராக அவன் நிற்கும் இடம் பெரும்பாலும் அவ்விளிம்பு ஒன்றே.

வீட்டில் பதக்கம் இருப்பவர் செய்ய வேண்டுவன சிலவே. விளிம்பிலும் பின்புறத்திலும் உள்ள எழுத்தைப் பிழையோடு இருந்தாலும் உள்ளவாறே படியெடுத்தல் வேண்டும். புகைப்படம் எடுத்தல் வேண்டும். தந்தை பெயர், ஊர், தாலுகா ஆகியவற்றை மூத்தோரிடம் கேட்டு அதே தாளில் எழுதி வைத்தல் வேண்டும். விற்க நேரின் விற்கட்டும். எழுத்தைப் படியெடுத்த பின் விற்கட்டும். ஊர்க் கல்லில் பன்னிருவர் என்று இருந்தால், அப்பன்னிருவர் யாவர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் பணியை அவ்வூர்ப் பள்ளியும் இலக்கிய மன்றமும் மேற்கொள்ளலாம். பதக்கம் ஒரு வீட்டில் ஒருவரை மீட்கும். பென்ஷன் புத்தகம் மற்றொரு வீட்டில் மற்றொருவரை மீட்கும். பன்னிருவரும் கிடைக்காமற் போகலாம். கிடைத்தவர் எத்தனை பேரோ அத்தனை பேரும் எண்ணிலிருந்து பெயருக்கு மீள்வர்.